யூவி பில்டர் தண்ணீரை ஜன்னலோரம் வைக்கலாமா?

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "பீலித் தண்ணீருக்கு யூவி பில்டர் பூட்டியிருக்கிறோம். பிடிக்கும் தண்ணீரைக் கண்ணாடிப் போத்தல்களில் ஊற்றி ஜன்னலோரம் வைப்பேன். வெளிச்சம் பட்டால் செத்த கிருமி திரும்ப எழும்பும் என்கிறாள் உயர்தரம் படிக்கும் மகள். உண்மையா?"

மகள் சொல்வதில் விஷயம் இருக்கிறது அம்மா. ஆனால் அவை செத்த கிருமிகள் அல்ல, முடங்கிய கிருமிகள். பில்டரின் யூவி கதிர், அதாவது 254 நனோமீற்றர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிர், பக்டீரியாவை உடைப்பதில்லை. அதன் டி.என்.ஏ.யில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் தைமின் என்ற எழுத்துகள் இரண்டை ஒட்டவைத்துவிடுகிறது. ஒட்டிய இடத்தில் டி.என்.ஏ. படியெடுப்பது தடைப்படும், கிருமி பெருக முடியாது. பெருக முடியாத கிருமியால் நோய் வராது.

இந்த ஒட்டை அவிழ்க்கத்தான் பல பக்டீரியாக்களிடம் ஃபோட்டோலையேஸ் என்ற நொதியம் இருக்கிறது. ஈ.கோலை என்ற குடல் பக்டீரியாவில் அது 471 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலி. அதன் நடுக்குழியில் விற்றமின் பி2விலிருந்து உருவாகும் எஃப்.ஏ.டி. என்ற மூலக்கூறு உட்கார்ந்திருக்கிறது. நொதியம் இருட்டிலேயே பழுதைத் தேடிப் பிடித்து, ஒட்டிய தைமின்களை இழையிலிருந்து வெளியே புரட்டிக் குழிக்குள் இழுத்துக்கொள்ளும். அப்புறம் காத்திருக்கும். நீல வெளிச்சம் பட்டதும் எஃப்.ஏ.டி. ஓர் இலத்திரனைக் கொடுக்கிறது, பிணைப்பு அறுகிறது, இலத்திரன் திரும்பி வருகிறது. எல்லாம் ஒரு நனோசெக்கனுக்குள்! வெளிச்சத்தால் நடக்கும் இந்த மீட்சியை 1949இல் அல்பர்ட் கெல்னர் என்ற விஞ்ஞானி எழுதினார். நொதியத்தின் வேலையை விளக்கிய அசீஸ் சன்ஜாருக்கு 2015இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஜன்னல் கண்ணாடியும் போத்தலும் கிருமியைத் தாக்கும் கதிரைப் பெரும்பாலும் தடுத்து, நீல வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விடும். அதாவது இந்த நொதியத்துக்கு வேண்டியதை.

இருட்டிலும் வேறொரு வழி உண்டு. யூவிஆர்-ஏ, பி, சி என்ற புரதங்கள் பழுதுக்கு இருபுறமும் வெட்டி, 12 அல்லது 13 நியூக்கிளியோடைட்டுகள் (டி.என்.ஏ.யின் எழுத்துக் கண்ணிகள்) கொண்ட துண்டையே எடுத்துவிடும். வேறு நொதியங்கள் இடைவெளியை நிரப்பி மூடும். ஆனால் இதற்குக் கிருமி தன் சக்தியைச் செலவழிக்க வேண்டும்.

ஆகவே போத்தலை ஜன்னலிலிருந்து எடுத்துவிடுங்கள். மூடியுள்ள சில்வர் குடத்தில் வைத்து அன்றன்றே குடித்து முடியுங்கள். அதைவிட முக்கியம், கதிர் முழு அளவில் படுவது. பழுதுகள் அளவுக்கு மீறினால் எந்த நொதியத்தாலும் ஈடுகொடுக்க முடியாது. பல்ப் நீலமாக எரிகிறதே என்று நம்பி இருக்காதீர்கள். எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் வீரியம் குறைந்துவிடும். கொம்பனி சொன்ன காலத்தில் மாற்றிவிடுங்கள். மழை நாளில் பீலித் தண்ணீர் கலங்கி வந்தால் மண்துகளின் நிழலில் கிருமி தப்பிக்கும், முதலில் தெளியவைத்து வடிகட்டுங்கள்.

கலங்கல் போகவில்லை, அல்லது கரண்ட் இல்லை என்றால் கொதிக்கவைப்பதே சரி. சூட்டில் அந்த நொதியங்களும் உருக்குலைந்துவிடும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதிக்கும், அதுவே கிருமிக்குப் போதும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் சரி. 2,000 மீற்றருக்கு மேல்தான் மூன்று நிமிடம் வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், பால்மா கரைக்க பில்டர் தண்ணீரை அப்படியே எடுக்காதீர்கள், கொதிக்கவைத்தே பாவியுங்கள்.