அப்பாவுக்கும் இருந்தது, மகனுக்கும் இருக்கிறது: மரபணுப் பரிசோதனை தேவையா?

கேள்வி: எட்டு வயதாகும் என் மகனுக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுப் பிரச்சினை இருப்பதாகக் குழந்தைகள் மனநல மருத்துவர் சொல்லியிருக்கிறார். என் கணவரும் சிறு வயதில் இப்படித்தான் இருந்தார் என்கிறார் மாமியார். மரபணுப் பரிசோதனை செய்து இதை உறுதிப்படுத்திக்கொள்ளலாமா? எங்கள் இரண்டு வயது மகளுக்கும் இது வருமா?

பதில்: அந்தப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஏ.டி.எச்.டி.யை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனையோ உமிழ்நீர்ப் பரிசோதனையோ இன்றுவரை இல்லை. அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கி, குறைந்தது ஆறு மாதங்களாக, வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் குழந்தையின் அன்றாடத்தைப் பாதிக்கின்றனவா என்று பெற்றோரையும் ஆசிரியரையும் விசாரித்துத்தான் முடிவுக்கு வருகிறோம். உங்கள் மாமியார் சொன்ன அந்த ஒரு வரி, எந்த ஆய்வக அறிக்கையையும்விட எங்களுக்குப் பயன்படும்.

இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளின் சராசரிப்படி, இதில் மரபின் பங்கு ஏறத்தாழ 74 சதவீதம். இந்த எண்ணைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உங்கள் மகனின் பிரச்சினையில் 74 சதவீதம் அப்பாவிடமிருந்து வந்தது என்றோ, மகளுக்கு வர 74 சதவீத வாய்ப்பு உண்டு என்றோ இதற்குப் பொருள் இல்லை. ஒரு மக்கள்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு பகுதியை மரபணு வேறுபாடுகளால் விளக்க முடியும் என்பதையே அது சொல்கிறது.

1990களில், மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் தொடர்பான டி.ஆர்.டி.4 போன்ற ஓரிரு மரபணுக்களே காரணம் என்று நம்பினார்கள். சில ஆய்வகங்கள் இன்னும் அதைக் காட்டித்தான் பரிசோதனையை விற்கின்றன. பிறகு மரபணுத் தொகுதி முழுவதையும் அலசிய பெரிய ஆய்வுகளில் படம் மாறிவிட்டது. ஏ.டி.எச்.டி. உள்ள 38,000-க்கும் மேற்பட்டோரை, அது இல்லாத பெருந்தொகையினரோடு ஒப்பிட்டு 2023-இல் வெளியான ஆய்வு, தொடர்புடைய 27 மரபணுப் பகுதிகளை அடையாளம் கண்டது. இவை ஒவ்வொன்றும் ஆபத்தைக் கூட்டுவது மிகச் சிறிதளவே. அந்த மாறுபாடுகளில் சில உங்களிடமும் என்னிடமும்கூட இருக்கும். போதாக்குறைக்கு, இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால், அவற்றிலிருந்து கணக்கிடும், ஒருவரின் மரபுவழி ஆபத்தைக் குறிக்கும் மதிப்பெண் நம் குழந்தைகளுக்கு இன்னும் குறைவாகவே பொருந்தும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கவனக்குறைவோடு வளர்ச்சித் தாமதம், வலிப்பு, மாறுபட்ட முக அமைப்பு, தோலில் பால்காப்பி நிறத் திட்டுகள் போன்றவையும் இருந்தால், ஃப்ரஜைல் எக்ஸ், நியூரோஃபைப்ரோமடோசிஸ் போன்ற அரிய மரபணு நோய்களைத் தேடிப் பரிசோதிக்கலாம். அதையும் மருத்துவர்தான் பரிந்துரைக்க வேண்டும்.

மரபு தவிர, குறைமாதப் பிறப்பு, மிகக் குறைந்த பிறப்பு எடை, உடலில் ஈயம் சேர்தல் ஆகியவற்றுக்கும் இதில் தொடர்பு உண்டு. இனிப்பு கொடுத்ததாலோ கண்டிக்காமல் வளர்த்ததாலோ இது வருவதில்லை. கர்ப்ப காலத்தில் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று உறவினர்கள் யாரேனும் துருவத் தொடங்கினால், நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர்.

உங்கள் மகளைப் பொறுத்தவரை, உடன்பிறந்தவருக்கு இருப்பதால் மற்றக் குழந்தைகளைவிட ஆபத்து பல மடங்கு கூடுதல்தான். ஆனாலும் வராமலிருக்கும் வாய்ப்பே அதிகம். இரண்டு வயதில் எதையும் முடிவுசெய்ய முடியாது, ஏனெனில் அந்த வயதில் எல்லாக் குழந்தைகளும் ஓடிக்கொண்டுதான் இருப்பார்கள். பெண் குழந்தைகளிடம் துறுதுறுப்பு அதிகம் தெரியாமல், எங்கோ நினைவாக உட்கார்ந்திருப்பதும் பொருட்களைத் தொலைப்பதுமாகவே இது வெளிப்படலாம் என்பதால், பள்ளியில் சேர்த்த பிறகு அதைக் கவனித்து வாருங்கள்.

மரபுவழி வந்தது என்பதால் மாற்றவே முடியாது என்று எண்ண வேண்டாம். பீனைல்கீட்டோனூரியா முழுக்க முழுக்க மரபணு நோய். பிறந்தவுடன் கண்டறிந்து உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்கினால் மூளைப் பாதிப்பைத் தடுத்துவிடலாம். ஏ.டி.எச்.டி.யிலும் பெற்றோருக்கான பயிற்சியும், பள்ளியில் செய்துதரும் சிறு வசதிகளும், தேவைப்பட்டால் மீதைல்ஃபெனிடேட் போன்ற மருந்தும் அறிகுறிகளை நன்றாகவே குறைக்கின்றன. அந்தப் பயிற்சியில் சொல்லப்படும் ஒழுங்கான நேர அட்டவணையையும் உடனுக்குடன் பாராட்டுவதையும், தனக்கே கவனக்குறைவு உள்ள ஒரு பெற்றோரால் தொடர்ந்து கடைப்பிடிப்பது கடினம். ஆகவே, உங்கள் கணவருக்கு இன்றும் வேலையிலோ வீட்டுக் கணக்குவழக்கிலோ தடுமாற்றம் இருந்தால், அடுத்த முறை மகனை அழைத்துச் செல்லும்போது அவரும் உடன் வந்து மருத்துவரிடம் அதைப் பேசட்டும்.