மீதிச் சில்லறை போன பிறகு: ஹோட்டல் வேலை குறித்து வாசகர் கேள்விகள்

(மதுரையிலும் திருச்சியிலும் சைவ ஹோட்டல்களில் நெடுங்காலம் சப்ளையராகவும் பிறகு சூப்பர்வைசராகவும் இருந்து ஓய்வு பெற்றவர், டிப்ஸ் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: கையில் பணம் வைத்துக்கொள்ளும் பழக்கமே எனக்குப் போய்விட்டது. ஹோட்டலில் சாப்பிட்டதும் ஸ்கேன் செய்து பில்லைக் கட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறேன். பரிமாறியவருக்கு ஒன்றும் வைக்கவில்லையே என்பது வண்டியை எடுக்கும்போதுதான் உறைக்கிறது. போனிலேயே கூடுதலாகக் கட்டினால் அவருக்குப் போய்ச் சேருமா? – வாசகி, சென்னை

பதில்: பெரும்பாலும் சேராதம்மா. டேபிளில் ஒட்டியிருக்கும் க்யூஆர் முதலாளியின் கணக்கு. 340 ரூபாய் பில்லுக்கு நீங்கள் 370 அனுப்பினால், ராத்திரி கணக்கு முடிக்கும்போது அந்த 30 ரூபாய் அதிக வரவு என்று ஒரு வரியில் போய்விடும். யார் டேபிள், யார் பரிமாறியது என்று அந்த வரி சொல்லாது. மனசுள்ள முதலாளிகள் தனியாக எழுதி வைத்துக் கொடுக்கிறார்கள். அவர்கள் குறைவு.

இந்த ஸ்கேன் வந்த பிறகு சப்ளையர்களின் கைக்காசு எப்படிக் குறைந்தது என்று விவரமாகவே சொல்கிறேன். முன்பு 340 ரூபாய் பில்லுக்கு 500 ரூபாய் நோட்டு வைப்பீர்கள். சப்ளையர் அதைக் கல்லாவுக்குக் கொண்டுபோவார். மீதி 160. அதை ஒரு நூறு, ஒரு ஐம்பது, ஒரு பத்து என்று வாங்கி வந்தால் பத்துதான் தட்டில் நிற்கும். விவரமான ஆள் கல்லாவிலேயே ஐம்பதை மாற்றி, இரண்டு இருபதும் ஒரு பத்துமாக வாங்கி வருவார். தட்டில் சோம்பு ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம். சாப்பிட்டவர் நூறை எடுப்பார், ஒரு இருபதை எடுப்பார், மீதி அப்படியே இருக்கும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கும் இது தெரியும், கேட்காமலே சில்லறையாகத் தருவார். இதில் யாரும் யாரிடமும் கையேந்தவில்லை.

நம் ஊரில் டிப்ஸ் வந்ததெல்லாம் பெரும்பாலும் இந்த மீதியில் இருந்துதான். இத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டு வைத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இப்போது 340க்கு 340 என்று ரூபாய் பிசகாமல் கட்டிவிடுகிறோம். மீதி என்று ஒன்று இல்லாதபோது எதை விட்டுவிட்டுப் போவது? ஜனங்களுக்குக் கருமித்தனம் கூடிவிட்டதென்று சில பையன்கள் கசந்து பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

உங்களுக்கு ஒரே வழிதான். போன் கவருக்குள் நாலைந்து பத்து, இருபது நோட்டுகளை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். கொடுப்பதைக் கையில் கொடுங்கள். நோட்டு இல்லையென்றால் "உங்க நம்பர் சொல்லுங்க தம்பி" என்று கேட்கலாம். ஆனால் பல இடங்களில் சப்ளையர் சொந்த நம்பரைக் காட்டக் கூடாதென்று கண்டிப்பு இருக்கிறது. அவர் சூப்பர்வைசர் எங்கே நிற்கிறார் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சொல்வார். தயங்கினால் விட்டுவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

கேள்வி: அண்ணா, பி.காம். முடித்துவிட்டுக் கோவையில் ஒரு ஹோட்டலில் சப்ளையராக இருக்கிறேன். சேரும்போதே "சம்பளம் கம்மிதான், டிப்ஸ்ல சரிக்கட்டிக்கலாம்" என்றார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் குடும்பமாக வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார்கள். சட்னி கேட்டதற்கே எத்தனை நடை நடந்திருப்பேன்! பில் நாலாயிரத்துச் சொச்சம். ஒரு ரூபாய் வைக்கவில்லை. ராத்திரி தூக்கமே வரவில்லை. – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, உன் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. பன்னிரண்டு பேர் என்றால் மூன்று டேபிளை இழுத்துப் போட்டிருப்பார்கள், உன் ஏரியா மொத்தமும் அதிலேயே அடைந்திருக்கும். பக்கத்து ஏரியா பையனுக்கு அதே நேரத்தில் மூன்று சுற்று ஆள் மாறியிருக்கும். தோசை கேட்ட குழந்தை பூரி வந்ததைப் பார்த்து அதுவும் கேட்டிருக்கும். பெரியவருக்குச் சர்க்கரை இல்லாத காபி, இன்னொருவருக்கு அரைச் சர்க்கரை, எல்லாம் உன் தலையில் இருந்திருக்கும். இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு வெறும் சோம்புத் தட்டை எடுக்கும்போது வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனாலும் அந்தக் குடும்பத்தின் மேல் கோபப்படாதே. நாலாயிரம் கட்டியவர், எல்லாம் அதிலேயே அடங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். அப்படி நினைக்க அவருக்கு முழு உரிமை இருக்கிறது. உன்னிடம் "டிப்ஸ்ல சரிக்கட்டிக்கலாம்" என்று சொன்னாரே, உன் கோபம் அவர் மேல் வர வேண்டும். தோசை மாஸ்டரிடம் யாராவது அப்படிச் சொல்லிப் பார்க்கட்டும்! அன்றைக்கே கரண்டியை வைத்துவிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார். உன் சம்பளத்தில் ஒரு பகுதியைச் சாப்பிட வருகிறவன் தருவான் என்று முதலாளி கணக்கிலேயே வைத்திருக்கிறார். அவன் தராத நாளில் அந்த நஷ்டம் உன்னுடையது. இந்த ஏற்பாட்டைத்தான் என்னால் கடைசிவரை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

சட்டத்திலும் இதற்கு இடமில்லை. ஹோட்டல் வேலைக்குத் தமிழ்நாட்டில் அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிறது. அதில் பஞ்சப்படி வருஷா வருஷம் ஏப்ரலில் திருத்தப்படும். டிப்ஸ் வருகிறது என்று காரணம் சொல்லி அதற்குக் கீழே தர முடியாது. 2016இல், ஹோட்டல்கள் நடத்திய ஐடிசி நிறுவனத்தின் வருமான வரி வழக்கிலும், சாப்பிட வருகிறவர் மனமுவந்து தருவது முதலாளி தரும் சம்பளம் ஆகாது என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது. உன் மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம் இருக்கும். அங்கே போய், சப்ளையர் வேலைக்கு இப்போதைய மாதக் கூலி எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள். சண்டைக்குப் போகிறாயோ இல்லையோ, அந்தத் தொகை உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, இதை யாரும் இளவயதுப் பையன்களுக்குச் சொல்வதில்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீடு, பணிக்கொடை எல்லாம் சம்பளத்தை வைத்துத்தான். டிப்ஸ் எத்தனை வந்தாலும் அதில் ஒரு பைசா அந்தக் கணக்கில் ஏறாது. பேங்கில் லோன் கேட்டுப் போனாலும் சம்பள ரசீதைத்தான் பார்ப்பார்கள். என்னோடு வேலை பார்த்தவர்களில் சட்டைப்பையில் நோட்டு நிறைய நல்ல டிப்ஸ் பார்த்தவர்கள் இருந்தார்கள். அறுபது வயதில் பி.எஃப். கணக்கைப் பார்த்தபோதுதான் அவர்களுக்கு முகம் வாடியது. இ.எஸ்.ஐ.யைப் பொறுத்தவரை பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஹோட்டல், 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்றால் உனக்கு அது உண்டு. கார்டு இருக்கிறதா என்று பார். நின்று நின்று காலில் நரம்பு புடைக்கிற வேலை இது, கட்டாயம் ஒருநாள் தேவைப்படும்.

அப்புறம், ஏரியாவை வாரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி எல்லோருமாகச் சேர்ந்து சூப்பர்வைசரிடம் கேளுங்கள். ஏசி ஹால் எப்போதும் ஒருவருக்கே, வாசலோரத்து டேபிள் எப்போதும் இன்னொருவருக்கே என்று இருந்தால் உங்களுக்குள்தான் பகை வளரும். நான் சூப்பர்வைசரானதும் முதலில் செய்தது இதைத்தான். ஏசி ஹால் கைவிட்டுப் போனவர்கள் சில நாள் என்னோடு பேசாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: பில்லிலேயே 10% சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தார்கள். அதைக் கட்டித்தான் ஆக வேண்டுமா? கட்டினால் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டுமா? – வாசகர், சேலம்

பதில்: கட்ட வேண்டிய கட்டாயமில்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கு வழிகாட்டு விதிகள் போட்டது. ஹோட்டல்கள் தாமாகவே சர்வீஸ் சார்ஜைப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. ஹோட்டல் சங்கங்கள் அதை எதிர்த்து டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 மார்ச்சில் அந்த விதிகள் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஜிஎஸ்டி வேறு, இது வேறு. ஜிஎஸ்டி அரசுக்குப் போகும் வரி, அதை எடுக்கச் சொல்ல முடியாது. சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எடுக்கச் சொல்லும்போது சப்ளையரிடம் சத்தம் போடாதீர்கள். அந்த வரியைப் பில்லில் சேர்த்தது அவர் இல்லை. அந்தப் பணம் அவர் கைக்கு வருகிறதா என்பது அவருக்கே பல நேரம் தெரியாது. நேராகக் கல்லாவில் பேசுங்கள். எடுத்தபின் மனமிருந்தால் ஒரு தொகையை அவர் கையில் கொடுங்கள்.

கேள்வி: மகன் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறான். போயிருந்தபோது சாப்பாட்டு பில்லுக்கு மேல் 20% டிப்ஸ் வைத்தான். "வைக்காவிட்டால் தப்பும்மா" என்கிறான். அது என்ன நியாயம்? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: மகன் செய்தது சரி. அங்கே மத்திய அரசின் சட்டப்படி மணிக்குக் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். டிப்ஸ் வாங்கும் சப்ளையருக்கு மட்டும் முதலாளி 2.13 டாலர் கொடுத்தால் போதும், மீதியை டிப்ஸில் கழித்துக்கொள்ளலாம். அந்த 2.13 என்பது 1991இல் இருந்து மாறவே இல்லை, டெக்சாஸில் இன்றும் அதுதான். டிப்ஸ் போதாவிட்டால் முதலாளி மீதியைப் போட்டு 7.25 ஆக்க வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் அதைக் கேட்டு வாங்குவது சப்ளையர் பாடு. ஆக உங்கள் மகன் வைத்தது அன்பளிப்பு இல்லை, பரிமாறியவரின் சம்பளத்தில் பாதிக்கு மேல். கலிபோர்னியா, வாஷிங்டன் முதலிய ஏழு மாநிலங்களில் இப்படிக் கழிப்பதே கிடையாது, முழுக் கூலியையும் முதலாளிதான் தர வேண்டும். அதனால் அங்கே ஹோட்டல்களெல்லாம் மூடிவிடவில்லை. கோவைத் தம்பியின் முதலாளி இதைப் படித்தால் நல்லது.

கேள்வி: நான் ஒரு ஹோட்டலில் டேபிள் துடைக்கிறேன், இலை எடுக்கிறேன். டிப்ஸ் எல்லாம் பரிமாறுகிறவர்களுக்கே போகிறது. எங்களுக்கும் பங்கு கேட்டால் சிரிக்கிறார்கள். – வாசகி, திண்டுக்கல்

பதில்: சிரிப்பது தப்பு. டேபிள் சுத்தமாக இல்லையென்றால் ஆள் உட்காரவே மாட்டார், அப்புறம் டிப்ஸ் எங்கிருந்து வரும்? எச்சில் இலையை எடுத்து, ஈரத்துணியால் ஒரு இழுப்பு, காய்ந்த துணியால் ஒரு இழுப்பு, சிந்திய சாம்பார் நாற்காலிக்கு வழியாமல் ஒரு கையால் தடுத்து, அடுத்தவர் பின்னாலேயே நிற்கும்போது அரை நிமிஷத்தில் முடிக்கிறீர்கள். அந்த வேலை எனக்குத் தெரியும், நான் அதிலிருந்து வந்தவன்.

நான் கடைசியாக இருந்த இடத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பூட்டுப் போட்ட டப்பா வைத்தோம். சாவி ஒரு சப்ளையரிடம். சனிக்கிழமை ராத்திரி கடை சாத்தியதும் எல்லோர் முன்னாலும் திறந்து, சப்ளையருக்கு ஒரு பங்கு, டேபிள் எடுப்பவருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் முக்கால் பங்கு. எனக்கும் முதலாளிக்கும் அதில் ஒன்றும் கிடையாது. அரைப் பங்கா முக்கால் பங்கா என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. கடைசியில், அதிகமாக டிப்ஸ் பார்த்த சப்ளையர்தான் "முக்கால் போடுங்க" என்றார். அதன் பிறகு யாரும் பேசவில்லை. சப்ளையர்களில் மூத்தவர் யாரோ அவரிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். சூப்பர்வைசரிடம் போவதைவிட அதில் பலன் இருக்கும்.

இங்கிலாந்தில் 2024 அக்டோபரில் இருந்து இதற்கென்றே ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. வசூலாகும் டிப்ஸில் முதலாளி ஒரு பென்னி எடுக்கக் கூடாது, நியாயமாகப் பங்கிட வேண்டும், எப்படிப் பங்கிடுகிறோம் என்று எழுதி வைக்க வேண்டும். நம்மிடம் அப்படி ஒன்று வர வேண்டும்.

கேள்வி: டிப்ஸ் வைக்காவிட்டால் சில சர்வர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள், முணுமுணுக்கிறார்கள். – வாசகர், விருதுநகர்

பதில்: அது தவறு. சூப்பர்வைசராக இருந்தபோது நான் அதைப் பொறுத்துக்கொண்டதில்லை.

கேள்வி: நான் பென்ஷன்காரன். வீட்டுக்குப் பக்கத்து ஹோட்டலில் தினமும் ஒரு காபி சாப்பிட்டுக்கொண்டு பேப்பர் படிப்பேன். தினமும் டிப்ஸ் வைக்க வசதியில்லை. அந்தப் பையன் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. – வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: ஐயா, காபிக்கு யாரும் டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. தினமும் வருகிறவரை சப்ளையருக்குப் பிடிக்கும். சொல்லாமலே காபி வருகிறதா, டிகாக்‌ஷன் தூக்கலாக வருகிறதா? அப்படியென்றால் அந்தப் பையனுக்கு உங்கள் மேல் வருத்தம் எதுவும் இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முடிந்ததைக் கையில் கொடுங்கள், போதும். மதியம் 1 மணி முதல் 2.30 வரை மட்டும் போகாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் டேபிளில் ஒரு காபி உட்கார்ந்திருந்தால் அதன் நஷ்டம் அந்தப் பையனுக்குத்தான். நாலு மணிக்குப் போங்கள், கடை காலியாக இருக்கும், அவருக்கும் உங்களோடு நின்று இரண்டு வார்த்தை பேச நேரமிருக்கும்.