பொருளாளரை மட்டும் மாற்றுவோம்

கேள்வி: நம்ம மான்செஸ்டர் யுனைட்டெட் விழுவதும் எழுவதுமாகவே பல வருஷம் ஓடிவிட்டது. தோற்கிற கிளப் மேனேஜரை வைத்திருக்க வேண்டுமா, மாற்ற வேண்டுமா? பெர்குசனுக்கு அன்று காட்டிய பொறுமையை இன்று ஏன் யாரும் காட்டுவதில்லை?
– யுனைட்டெட் ரசிகர், ஈசூன்

பதில்: உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்தது அந்த 'நம்ம'. சிங்கப்பூர் ஈசூன் எங்கே, இங்கிலாந்தில் யுனைட்டெட்டின் காற்பந்துத் திடலான ஓல்ட் டிராஃபர்ட் எங்கே! ஆனால் உங்களைக் கேலி செய்ய முடியாது. கொஞ்சம் இப்படி அப்படி ஆகியிருந்தால் அது நிஜமாகவே நம்ம கிளப்பாகியிருக்கும். 2011-இல் யுனைட்டெட் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் நுழைய விண்ணப்பித்தது, அனுமதியும் கிடைத்தது. அப்புறம் தள்ளிப்போட்டார்கள். மறுவருஷம் நியூயார்க்கில் போய் இறங்கினார்கள்.

எனக்கு இன்றும் அந்த வருத்தம் தீரவில்லை. வந்திருந்தால் ஆண்டுப் பொதுக்கூட்டம் நம்ம சன்டெக் மாநாட்டு மண்டபத்தில் நடந்திருக்கும். கிளப்பின் முதலாளிகளான கிளேசர் குடும்பத்தார் மேடையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு நூறு பங்கு வைத்திருக்கும் நம் ஓய்வுபெற்ற பெரியவர்கள் காலை எட்டு மணிக்கே வந்து முன்வரிசையைப் பிடித்திருப்பார்கள். கேள்வி நேரத்தில் ஒருவர் மைக்கை வாங்கி, "மேனேஜர் விஷயம் இருக்கட்டும், போன வருஷம் பஃபேயில் இறால் இருந்ததே, இந்த வருஷம் ஏன் இல்லை?" என்று கேட்டிருப்பார். பின்வரிசையில் பலமான கைதட்டல். கூடை கூடையாகக் கோல் வாங்குகிற ஒரு கிளப்பின் முதலாளிகள் வாழ்க்கையில் முதல்முறையாக வியர்த்திருப்பார்கள்.

நியூயார்க்கில் அந்தத் தொல்லை இல்லை. கிளேசர் குடும்பம் தன்னிடம் வைத்துக்கொண்ட பங்குக்குத் தலா பத்து ஓட்டு. ஊராருக்கு விற்ற பங்குக்கு ஒரே ஒரு ஓட்டு. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

பெர்குசன் கதைக்கு வருவோம். 1986 நவம்பரில் யுனைட்டெட் மேனேஜராக வந்தார்; 1989-90 பருவத்தில் அணி 13-ஆவது இடம்; ஆனாலும் விட்டுவைத்தார்கள்; அந்தப் பருவ முடிவிலேயே எஃப்ஏ கிண்ணம், 1993-இல் லீக் பட்டம். எல்லாம் சரிதான். ஆனால் பெர்குசன் முதல் பட்டம் வாங்கிய அதே பருவத்தில் பட்டியலின் கடைசியில் கிடந்தது யார் தெரியுமா? நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட். மேனேஜர் பிரையன் கிளஃப். இரண்டு முறை ஐரோப்பியக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தவர், 18 வருஷமாக அங்கேயே இருந்தவர். ஃபாரஸ்ட்டும் பொறுமை காத்த கிளப்தான். இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. கோப்பிக்கடை விவாதத்தில் அந்தக் கதையை யாரும் எடுப்பதில்லை. இன்னொன்று: 2024 அக்டோபரில் மேனேஜர் டென் ஹாக்கை அனுப்பிய அதே மாதத்தில், செலவைக் குறைக்க வேண்டும் என்று பெர்குசனுக்குக் கொடுத்துவந்த கிளப் தூதர் ஒப்பந்தத்தையும் முடித்துக்கொள்ளத் தீர்மானித்தார்கள். பொறுமைக்கு உதாரணமாக நீங்கள் காட்டும் மனிதரிடமே பொறுமை தீர்ந்துவிட்டது ஐயா.

ஆள் மாறினதும் அணி ஜெயிக்கிறதே என்பீர்கள். நாலு நாள் காய்ச்சலுக்குப் பிறகு வேறு கிளினிக் போனால் ஐந்தாம் நாள் குணமாகும். கைராசி டாக்டர் என்று ஊரெல்லாம் சொல்லுவோம். மேனேஜரை நீக்குவது அநேகமாக மோசமான கட்டத்தின் அடிமட்டத்தில். அங்கிருந்து யார் வந்தாலும் கொஞ்சம் மேலேதான்.

நிஜமான 'நம்ம' கிளப் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. ஸ்பெயினின் வலென்சியா. சிங்கப்பூர்ச் செல்வந்தர் பீட்டர் லிம் 2014-இல் வாங்கியது. அதற்கு முன் 2010-இல் அவர் லிவர்பூலை வாங்கப் பார்த்தார், கிடைக்கவில்லை. அப்போது தோ பாயோவில் இருக்கும் என் லிவர்பூல் நண்பர் (இந்தப் பக்கத்தில் அவருக்கும் எனக்கும் நடந்த சண்டைகள் பழைய வாசகர்களுக்குத் தெரியும்) ஒரு மாதம் புலம்பினார். நம்ம ஊர்ப் பணம், நம்ம ஊர் மூளை, போச்சே என்று. அப்புறம் லிவர்பூல் 2019-இல் ஐரோப்பியக் கிண்ணத்தையும் 2020, 2025-இல் லீக்கையும் வென்றது. இப்போது பீட்டர் லிம் பேச்சை எடுத்தால் தே தாரிக் ஆறுகிறது என்று எழுந்து போய்விடுகிறார்.

வலென்சியாவில் நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு முழுப் பதில். 2015 டிசம்பரில் பழைய யுனைட்டெட் ஆட்டக்காரர் கேரி நெவில் வந்தார், அதற்கு முன் எந்தக் கிளப்பிலும் மேனேஜராக இருந்ததில்லை. பார்சலோனாவிடம் 7-0 வாங்கினார். நாலு மாதம் நிறைவதற்குள் கிளம்பினார். பிறகு வந்த மார்செலினோ தொடர்ந்து இரண்டு பருவம் நாலாவது இடம் பிடித்தார், 2019 மே மாதம் பார்சலோனாவைத் தோற்கடித்து ஸ்பெயின் மன்னர் கிண்ணத்தையும் வாங்கினார். செப்டம்பரில், லீக்கில் மூன்றே ஆட்டம் முடிந்த நிலையில், அவரையும் நீக்கினார்கள். பிறகு செலாடெஸ், கிராசியா, போர்டலாஸ், கட்டூசோ, பராஹா என்று வருவதும் போவதுமாக இருந்தது. தோற்றாலும் போகணும், ஜெயித்தாலும் போகணும். ரசிகர்கள் 'லிம், வீட்டுக்குப் போ' என்று அட்டை பிடித்தார்கள். பாவம், அவர் வீட்டில்தான் இருந்தார். 2025-இல் கிளப்பின் தலைவராக மகன் வந்தார்.

இதைப் படித்து ஸ்பெயின்காரர்களுக்காக உச்சுக் கொட்டுகிறவர்கள் இங்குள்ள ஏதாவதொரு தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போய்வரலாம். போதிய ஆள் வராவிட்டால் அரைமணி நேரம் தள்ளிவைத்து, வந்தவர்களே போதும் என்று ஆரம்பிக்கலாம் என்பது வழக்கமான விதி. அந்த அரைமணிக்குத்தான் சைவ மீஹூனும் கறி பஃப்பும். அப்புறம் தேர்தல். பெரும்பாலான சங்கங்களின் சட்டதிட்டத்தில் இன்னொரு விதி உண்டு: பொறுப்பாளர்கள் எல்லாரும் அதே பதவிக்கு மறுபடியும் வரலாம், பொருளாளர் மட்டும் தொடர்ந்து இருக்க முடியாது. ஆகவே தலைவர் அதே தலைவர், செயலாளர் அதே செயலாளர். மாறுவது பொருளாளர். புதியவருக்குப் பொன்னாடை, பழையவருக்கு நன்றியுரை. தலைவர் எழுந்து "மாற்றம் ஒன்றே மாறாதது" என்று முழங்குகிறார்.

காற்பந்தில் மேனேஜர்தான் அந்தப் பொருளாளர். பங்குக்குப் பத்து ஓட்டு வைத்திருக்கும் முதலாளியை அசைக்க முடியாது; மாற்றக்கூடிய ஆள் அவர் ஒருவரே.

சரி, மாற்றலாமா? ஆட்டக்காரர்களை வாங்கியது யார் என்று முதலில் பாருங்கள். டென் ஹாக்குக்கு 2024 ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டி, அவருக்காக ஆள்களும் வாங்கி, அக்டோபரில் அனுப்பினார்கள். வந்த அமோரிம் பின்வரிசையில் மூன்று பேரை நிறுத்தி ஆடும் முறைக்காரர். அந்த முறைக்கு ஏற்ற ஆள்கள் அணியில் இல்லை. பருவ முடிவில் 15-ஆவது இடம். டென் ஹாக்கை அனுப்புவதென்றால் 2024 மே மாதமே அனுப்பியிருக்க வேண்டும். மே மாதம் மனசு வரவில்லை என்றால் அக்டோபரிலும் வரக் கூடாது. ஆட்டக்காரர்கள் எண்பதாவது நிமிடத்திலும் ஓடுகிறார்களா? ஓடினால் வைத்திருங்கள். நடந்தால் அவர் மேனேஜராக இல்லாமல் ரொம்ப நாளாகிறது, அறிவிப்புதான் பாக்கி.

நம் தேசிய அணி 2003-இலிருந்து 2012 வரை ராட்கோ அவ்ராமோவிச் ஒருவரையே வைத்திருந்து ஆசியான் கிண்ணத்தை மூன்று முறை தூக்கியது. அதற்குப் பின் வந்தவர்களில் வி. சுந்தரமூர்த்தியும் ஒருவர். 2018-இல் அவர் விலகியபோது இந்தப் பக்கத்துக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. 2025 நவம்பரில் ஹாங்காங்கை 2-1 என்று வென்று முதல்முறையாகச் சொந்தத் திறமையில் ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றோமே, அன்றைக்குப் பயிற்றுவிப்பாளர் கேவின் லீ இடைக்காலப் பொறுப்பில்தான் இருந்தார். அவர் வரிசையாக நாலு ஆட்டம் தோற்கும்போது வைத்திருக்கலாமா என்று எழுதிக் கேளுங்கள். முழுப் பக்கம் ஒதுக்குகிறேன்.