கெப்புக்கு டயர் மாத்தப் போறீங்களா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, எனக்கு உப்புவெளியில சின்ன ஹாட்வெயார் கடை ஒண்டு. 17 இஞ்சி ரிம் உள்ள டபுள் கெப் வச்சிருக்கன், டயர் நாலும் மொட்டையாகிட்டு. ஓட்டம் எல்லாம் தார் ரோட்டுலதான், மாசத்துல ரெண்டு மூண்டு தரம் கொழும்பு, மிச்சம் டவுன், நிலாவெளி, கிண்ணியா. எப்பயாவது தம்பலகாமத்துல வயலுக்குப் போவன். டயர் கடையில ஏடி (ஓல் டெரெய்ன், தாருக்கும் கிறவலுக்கும் பொதுவான டயர்) போடச் சொல்றாங்க, கூட்டாளிமார் எம்டி (மட் டெரெய்ன், சேத்துக்கெண்டு செய்த டயர்) போட்டாத்தான் கெப்புக்கு வடிவு எண்டுறாங்க. எதப் போட?
- ஒரு வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, எச்டி போடுங்க. ஹைவே டெரெய்ன் எண்டு சொல்ற, தார் ரோட்டுக்கெண்டே செய்த டயர். நீங்க எழுதினத ரெண்டு தரம் வாசிச்சுப் பாத்தன், உங்கட ஓட்டத்துல தார் இல்லாத இடம் அந்த வயல் ரோட்டு மட்டும்தான், அதுவும் எப்பயாவது. அந்த ஒரு நாளுக்காக மிச்ச நாளெல்லாம் பொருத்தமில்லாத டயர்ல ஓடுறது சரியில்ல.

நான் இத இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நானும் ஒரு காலத்துல எம்டி போட்டு ஓடினவன். ஒரு மார்கழி மாசம், நல்ல மழை, கொழும்பால திரும்பி வாறன், பின்னால ஒரு சாமானும் இல்ல வெறும் கெப், ஹபரணை தாண்டிக் கந்தளாய்ப் பக்கம் வரேக்க காட்டுக்குள்ள இருந்து யானை ஒண்டு ரோட்டுக்கு ஏறிட்டு. பிறேக்க அமத்தினன், முன்பக்கம் பிடிக்குது, பின்பக்கம் பிடிக்கேல்ல, வால் பக்கம் அப்படியே வலப்பக்கமா இழுத்துக்கொண்டு போய் ரோட்டோரப் புல்லுல நிண்டுது. யானை தன்ட பாட்டுல போயிட்டு. பிள்ளைகள் பின் சீட்டுல இருந்ததுகள். அண்டைக்குப் பிறகு டயரப் பத்தி ஆர் கேட்டாலும் முதல்ல மழையப் பத்தித்தான் கதைப்பன்.

எம்டியில பெரிய பெரிய வெட்டு இருக்கிறதால தண்ணி நல்லா வெளியேறும், அதால மழைக்கு நல்லம் எண்டு கனபேர் சொல்லுவாங்க. அது பாதிதான் சரி. தேங்கி நிக்கிற தண்ணி அந்த வெட்டுக்குள்ளால போகும் உண்மை, ஆனா ஈரத் தார்ல டயரப் பிடிச்சு வச்சிருக்கிறது வெட்டு இல்ல, ரோட்டுல ஒட்டி நிக்கிற றப்பர். எம்டியில றப்பர் கட்டி ஒவ்வொண்டும் பெரிசு, இடைவெளியும் பெரிசு, அப்ப ரோட்டுல படுற றப்பர் குறைவு. எச்டி டயர உற்றுப் பாருங்க, ஒவ்வொரு கட்டியிலயும் பிளேட்டால கீறின மாதிரி சின்னச் சின்னக் கீறல் இருக்கும், அதுகள்தான் ரோட்டுல மெல்லிசாப் படிஞ்சிருக்கிற தண்ணிய அறுத்துக்கொண்டு போய்ப் பிடிக்கிறது. எம்டியில அந்தக் கீறல் இல்ல, இருந்தாலும் கொஞ்சம்தான்.

இதுக்கு மேல எங்கட திருகோணமலைக் கதையையும் யோசிக்கணும். கச்சான் காத்து வீசுற மாசங்கள்ல மழை குறைவு, ரோட்டுல தூசியும் ஒயிலும் படிஞ்சு கிடக்கும், ஐப்பசி கார்த்திகையில முதல் மழை விழுந்ததும் அது எல்லாம் சேர்ந்து சவர்க்காரம் பூசின மாதிரி வரும். அந்த முதல் மழையிலதான் வெறும் கெப் சரியான ஆபத்து. ஏனெண்டா கெப் செய்திருக்கிறதே பின்னால ஒரு தொன் ஏத்துறதுக்கு, பின்னுக்குக் கமான் பட்டை போட்டு விறைப்பா வச்சிருக்கு, ஒண்டும் ஏத்தாம ஓடேக்க பின் டயர்ல பாரம் இல்ல, பாரம் இல்லாத டயர் லேசா வழுக்கும். காரையும் கெப்பையும் ஒண்டாப் பாக்கக் கூடாது எண்டு நான் சொல்றது இதாலதான்.

ஏடி கூடாத டயர் இல்ல, அதையும் சொல்லத்தான் வேணும். குச்சவெளிக்கு உள்பக்கம், கோமரன்கடவல, சேருவில பக்கம் கிறவல் ரோட்டுல கிழமைக்கு மூண்டு நாலு நாள் ஓடுற ஆளெண்டா நானே ஏடி போடச் சொல்லுவன். கல்லு குத்திப் பக்கவாட்டு வெடிக்கிறது குறையும், சேத்துலயும் ஓரளவுக்கு இழுக்கும். ஆனா ஏடி எச்டியை விட பாரம் கூட, சத்தம் கூட, எண்ணெயும் கொஞ்சம் கூடக் குடிக்கும். கொழும்புக்கு 250 கிலோமீற்றருக்கு மேல, அந்த ஊங்கார சத்தத்தோட போய் வந்தாத் தெரியும், டயர் தேயத் தேய சத்தம் இன்னும் கூடும். உங்கட வயல் ரோட்டுக்கு எச்டியே காணும், மழை பெய்து சேறாக் கிடந்தா கெப்ப மேட்டுல விட்டுட்டு நடந்து போங்க.

இனி பாரம். ஹாட்வெயார் கடையெண்டபடியா சீமெந்து ஏத்துவீங்கள், ஒரு பேக் 50 கிலோ, 20 பேக் ஏத்தினா ஒரு தொன். டயரோட பக்கத்துல 265/65 ஆர் 17 எண்டு அளவு இருக்கும், அதுக்குப் பிறகு 112 எஸ் மாதிரி ஒரு இலக்கமும் ஒரு எழுத்தும் இருக்கும். 112 எண்டா அந்த ஒரு டயர் 1120 கிலோ தாங்கும், எஸ் எண்டா மணிக்கு 180 கிலோமீற்றர் வேகம் மட்டும் தாங்கும். பின் டயர் ரெண்டும் சேத்து 2240 கிலோ, உங்கட தேவைக்குக் காணும். கதவத் திறந்தா தூண்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்லயும் வாகனத்தோட புத்தகத்துலயும் என்ன இலக்கம் போட்டிருக்கோ அதுக்குக் குறையாமத்தான் வாங்கணும், விலை குறைவெண்டு 106, 107க்கு இறங்காதீங்க. தினமும் ஒரு தொன் ஏத்துற ஆளெண்டா 8 பிளை, 10 பிளை எண்டு சொல்ற, கூடப் பாரம் தாங்க உறுதியாச் செய்த டயர் போடுறது நியாயம். ஆனா அந்த டயருக்குக் காத்தும் கூட அடிக்கணும், சாதாரண டயருக்கு அடிக்கிற அதே காத்த அடிச்சா அது சாதாரண டயரை விடக் குறைஞ்ச பாரம்தான் தாங்கும், இது கனபேருக்குத் தெரியாது. 10 பிளை போட்டா எல்லாத்துக்கும் நல்லம் எண்டு நினைச்சுப் போட்டுட்டு வெறும் கெப்பில குலுங்கிக் குலுங்கி ஓடுறவங்களப் பாக்கேக்க கவலையாத்தான் இருக்கும்.

காத்த காலையில, ஓட முதல், டயர் குளிரா இருக்கேக்க பாருங்க. ஸ்டிக்கர்ல பாரம் இல்லாத ஓட்டத்துக்கு ஒரு கணக்கும் பாரத்துக்கு ஒரு கணக்கும் போட்டிருந்தா சீமெந்து ஏத்துற நாள் பாரக் கணக்குக்கு அடிங்க. வெயில் நேரம், தார் கொதிக்குது, காத்துக் குறைஞ்ச டயர்ல பாரத்தோட ஓடினா டயர் உள்ளுக்க மடிஞ்சு மடிஞ்சு சூடேறித்தான் வெடிக்கிறது.

கேள்வி: 265/65 ஆர் 17க்குப் பதிலா 265/70 ஆர் 17 போட்டா கெப் உயரமா வரும் எண்டு சொல்றாங்க. போடலாமா?
- ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: கணக்குப் பாருங்க தம்பி. 265 எண்டுறது டயரோட அகலம் மில்லிமீற்றர்ல, 65 எண்டுறது பக்கவாட்டு உயரம் அந்த அகலத்துல 65 வீதம் எண்டு, 17 ரிம் இஞ்சி. கூட்டிப் பாத்தா 65 டயர் முழுசா 776 மில்லிமீற்றர் வரும், 70 டயர் 803 மில்லிமீற்றர் வரும். வித்தியாசம் 27 மில்லிமீற்றர்தான், கெப் உயருறது அதுல பாதி, அதாவது 13 மில்லிமீற்றர் சொச்சம். ஒரு விரல் தடிப்புக் கூட இல்ல. அதுக்காக மீற்றர்ல 70 காட்டேக்க உண்மையில 72க்கு மேல ஓடுவீங்கள், இழுவை கொஞ்சம் குறையும், பிறேக்குக்கும் வேலை கூடும், முழுசா வெட்டித் திருப்பேக்க சில வாகனத்துல உள்ளுக்க உரசவும் செய்யும். தார் ரோட்டுல ஓடுறவருக்கு இதால ஒரு லாபமும் இல்ல. கொம்பனி போட்ட அளவே போடுங்க.

கேள்வி: அண்ணன், இப்ப இருக்கிற விலைக்கு நாலு டயரும் ஒண்டா வாங்க வழியில்ல. ரெண்டுதான் வாங்கலாம். முன்னுக்குப் போடவா பின்னுக்குப் போடவா? முன்னுக்குத்தான் ஸ்டியரிங் எண்டு வீட்டுக்காரர் முன்னுக்குப் போடச் சொல்றார்.
- ஒரு வாசகி, மூதூர்

பதில்: தங்கச்சி, பின்னுக்குப் போடுங்க. வீட்டுக்காரர் சொல்றது கேக்க நியாயமாத்தான் இருக்கும், கனபேர் அப்படித்தான் நினைக்கிறாங்க. ஆனா ஈர ரோட்டுல முன் டயர் வழுக்கினா வாகனம் நேரா இழுத்துக்கொண்டு போகும், வேகத்தக் குறைச்சாத் திரும்பக் கைக்கு வந்திடும். பின் டயர் வழுக்கினா வாகனம் சுத்தும், அதச் சாதாரண ஓட்டுநர் ஒருத்தராலயும் பிடிக்க ஏலாது. மேல நான் எழுதின யானைக் கதை அதுதான். அதால நல்ல டயர் எப்பவும் பின்னுக்கு. முன்னுக்குப் போற பழைய டயரும் மொட்டையா இருக்கக் கூடாது, அத மறக்க வேண்டாம், மொட்டையெண்டா கடன்பட்டாவது நாலையும் மாத்துங்க.

எப்ப மொட்டை எண்டு சொல்றது? வெட்டுக்குள்ள அடியில குறுக்கால சின்ன றப்பர் கட்டை இருக்கும், அது 1.6 மில்லிமீற்றர் உயரம். டயர் தேஞ்சு அந்தக் கட்டையோட சமனா வந்தா டயர் முடிஞ்சுது. ஆனா நான் மழைக்காலத்துக்கு 3 மில்லிமீற்றருக்குக் கீழ போக விடமாட்டன், அதுக்குக் கீழ போனா ஈரத்துல பிறேக் பிடிக்கிற தூரம் கூடிக்கொண்டே போகும். புரட்டாசியில அளந்து பாத்தா மாரிக்கு முதல் மாத்திக் கொள்ளலாம்.

இன்னொண்டு, உங்கட கெப்பு நாலு சில்லும் இழுக்கிற வகையெண்டா ரெண்டு அளவு டயர் கலக்கவே கூடாது. புதுசும் பழசுமா இருக்கேக்க காஞ்ச தார்ல ஃபோர் வீல போடவும் வேண்டாம், சில்லு சுத்துற கணக்கு முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசப்பட்டா கியருக்குத்தான் அடி.

கேள்வி: கடையில புது டயர் எண்டு தந்தாங்க, ஆனா செய்து நாலு வருசம் எண்டு பிறகு ஒருத்தர் சொன்னார். அது எப்பிடிப் பாக்கிறது? யப்பான்ல இருந்து வாற பாவிச்ச டயர் வாங்கலாமா?
- ஒரு வாசகர், சீனக்குடா

பதில்: டயர் பக்கத்துல டிஓடி எண்டு ஆங்கிலத்துல எழுதியிருக்கும், அந்த வரியோட கடைசியில நாலு இலக்கம். 2324 எண்டு இருந்தா 2024ம் ஆண்டு 23வது கிழமை செய்தது. ஒரு பக்கத்துல மட்டும்தான் அந்த நாலு இலக்கம் இருக்கும், உள்பக்கம் போயிட்டா தெரியாது, அதால ரிம்முல ஏத்த முதல் பாருங்க, நாலு டயரையும் பாருங்க. ஒரு வருசம் பிந்தினதெண்டாப் பரவாயில்ல, நாலு வருசம் எண்டா நான் வாங்கமாட்டன். றப்பர் ஓடாம வச்சாலும் காயும், மாசத்துக்குக் கொஞ்சம் ஓடுற ஆளுக்கு வெட்டு இருக்கும், றப்பர் செத்துப் போயிருக்கும்.

2020ல வெளிநாட்டு டயர் இறக்குமதியக் கட்டுப்படுத்தினதுக்குப் பிறகு பாவிச்ச டயரத் தேடிப் போனவங்க கனபேர், அவங்களக் குறை சொல்ல மாட்டன், வேற வழி இருக்கேல்ல. இப்ப அப்படி இல்ல. களனியிலயே சியட் கொம்பனி டயர் செய்யுது, இந்தியா, தாய்லாந்து டயரும் வருது. பாவிச்ச டயர்ல உள்ளுக்க ஒட்டுப் போட்டிருக்கா, காத்தில்லாம எவ்வளவு தூரம் ஓடினது எண்டு வெளியால பாத்துச் சொல்ல ஏலாது. தேஞ்ச டயருக்கு மேல புது றப்பர் ஒட்டின ரீபில்ட் டயரும் அதே கதைதான், லொறியில பின்னுக்குப் போடுறது வேற, பிள்ளைகுட்டியோட ஓடுற கெப் வேற. நல்ல பேர் எடுத்த கொம்பனியோட விலை குறைஞ்ச எச்டி ஒண்டு, புதுத் திகதியோட, அதத்தான் தேடுங்க.

வாங்கினதும் அலைன்மென்ட் பாத்து, 8000 - 10,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா முன் டயரப் பின்னுக்கும் பின் டயர முன்னுக்கும் மாத்துங்க. ஸ்பெயார் வீலுக்கும் காத்துப் பாருங்க, எங்கட உப்புக் காத்துல கெப்புக்கு அடியில தொங்குற ரிம் துருப்பிடிச்சு, டயர் ரிம்மோட ஒட்டுற இடத்தால காத்து மெல்ல மெல்லப் போயிருக்கும், பஞ்சரான அண்டைக்குத்தான் அது தெரியவரும்.