நகையை அடகு வைக்காதீர்கள், கார்கோ பக்கம் பாருங்கள்

திருச்சியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ வணிகவியல் முடித்திருக்கிறாள். கணக்கில் கெட்டி, முன்பின் தெரியாதவர்களிடம் பேசக் கூச்சம். சித்தப்பா ஒருவர் 3 லட்ச ரூபாய் ‘ஏவியேஷன் டிப்ளமா’வில் சேர்த்தே ஆக வேண்டும் என்கிறாராம். நகையை அடகு வைக்கலாமா என்பது கேள்வி.

வைக்காதீர்கள் அம்மா. அந்த டிப்ளமா காட்டும் விமான நிலையத் தரைப்பணிக்கு, அதாவது பயணிகளைக் கவனித்து அனுப்பும் வேலைக்கு, பெரும்பாலும் கேட்பது பிளஸ் டூ அல்லது ஏதாவது ஒரு பட்டம். வேலைக்கு எடுக்கும் நிறுவனமே பயிற்சியையும் கொடுத்துவிடும். கோட்டு போட்ட விளம்பரத்துக்கு நீங்கள் ஏன் வட்டி கட்ட வேண்டும்? அதுவும் கூச்ச சுபாவமுள்ள பெண்ணைக் கோபக்காரப் பயணிகள் முன் நிறுத்துவதற்கு!

அவளுக்குப் பொருந்துவது பெல்லி கார்கோ வேலை, அதாவது பயணிகள் விமானத்தின் அடிப்பகுதி அறையில் போகும் சரக்கைக் கையாள்வது. 60×50×40 செ.மீ. தெர்மோகோல் பெட்டியில் 12 கிலோ மல்லிகை இருக்கிறது என்று வையுங்கள். கன அளவை 6000-ஆல் வகுத்தால் 20. எடை, இந்தக் கணக்கு இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம், இங்கே 20 கிலோவுக்கு. உயரத்தை 5 செ.மீ. குறைத்தால் 17.5. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட ஆளை ஏற்றுமதியாளர் விடமாட்டார். சரக்குக்கான ரசீதுதான் ஏர்வே பில். அதன் எண்ணில் விமான நிறுவனத்தின் 3 இலக்கம் போக, அடுத்த 7 இலக்க எண்ணை 7-ஆல் வகுத்த மீதிதான் கடைசி இலக்கம். 1234567 என்றால் 5. ஓர் இலக்கம் பிசகினால் சரக்கு நின்றுவிடலாம். விதிகளும் தெரிய வேண்டும்: கருவியோடு சேராமல் தனியாக வரும் லித்தியம் அயன் பேட்டரி 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏறவே கூடாது.

விடுமுறையில் சுற்றுலாக் குழு ஏறினால் அவர்கள் லக்கேஜே இடத்தை அடைத்துவிடும். முதலில் இறக்கப்படுவது சரக்கு. பூ வெயிலில் வாடும். குரூப் டிக்கெட் போடும் டிராவல்ஸ், விமான நிறுவனம், குளிர் அறை வைத்திருக்கும் கார்கோ டெர்மினல் என்று மூன்று பக்கமும் முந்தின நாளே பேசி வைப்பவருக்குத்தான் மதிப்பு. பழகிய ஆட்களோடு போனில் நடக்கும் பேச்சுதான் அது, அவளால் முடியும். இரவு ஷிப்ட் உண்டு. சம்மதமா என்று அவளிடம் கேளுங்கள், சித்தப்பாவிடம் அல்ல.

அரசுக் கல்லூரியில் பி.காம். சேருங்கள். மூன்றாம் ஆண்டில் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகம் ஒன்றில் பகுதிநேரம் உட்காரட்டும். பட்டம் வாங்கியதும் ஜி-கார்டு தேர்வு, அதாவது புரோக்கரின் ஊழியர்களுக்குச் சுங்கத் துறை வைக்கும் தேர்வு. ஆபத்தான சரக்குக்கான டி.ஜி.ஆர். சான்றிதழ் 24 மாதமே செல்லும். வேலை கிடைக்கும் முன் அதற்குப் பணம் கட்டாதீர்கள், பெரும்பாலும் நிறுவனமே அனுப்பும்.