கேள்வி பதில்: ஆயிரம் பக்கத்துக்கு ஓர் அட்டவணை

கேள்வி: இரண்டு ஊர்களுக்கு இடையே நேர வித்தியாசம் சொல்லும் இணையதளம் தொடங்கப் போகிறேன். 1,000 ஊர்கள், ஜோடிக்கு ஒரு பக்கம். டெம்ப்ளேட் தயார். இந்த மாதிரி புரோகிராமாட்டிக் எஸ்இஓவுக்கு, அதாவது ஒரே டெம்ப்ளேட்டில் டேட்டாவை நிரப்பித் தேடலில் வருகிற பக்கங்களை மொத்தமாக உருவாக்குவதற்கு, டேட்டாவை எங்கே எடுப்பது?

பதில்: 1,000 ஊர் என்றால் 4,99,500 ஜோடி. அத்தனையையும் யாரும் தேடப்போவதில்லை. மக்கள் உண்மையிலேயே தேடுகிற ஜோடிகளை மட்டும் முதலில் பிரித்தெடுங்கள்.

டேட்டா எடுக்க நல்ல இடங்கள் இருக்கின்றன. ஊர்ப் பெயர், மக்கள்தொகை, அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் ஜியோநேம்ஸ் என்ற திறந்த ஊர்ப்பெயர்த் தரவுத்தளத்தில் கிடைக்கும். ஒவ்வொரு ஊரின் நேர மண்டலப் பெயரும் அதிலேயே உண்டு. மூலத்தைக் குறிப்பிட்டுத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கிற நாடுகள் உண்டு. எந்த மண்டலத்தில் கடிகாரம் எப்போது முன்னே பின்னே போகிறது என்பதற்கு, இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கிற ஐயானா அமைப்பின் டிஇசட் (நேர மண்டல) தரவுத்தளம். அது பொதுச் சொத்து. ஆண்டுக்குச் சில முறை புதுப்பிக்கிறார்கள்.

எடுத்ததை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள் என்பதுதான் எனக்கு இதைவிட முக்கியம். இதே மாதிரி ஒரு தளத்தை நான் நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு ஊருக்கும் உலகப் பொது நேரத்திலிருந்து எத்தனை மணி வித்தியாசம் என்பதை, கோடைக்கு ஓர் எண், குளிர்காலத்துக்கு ஓர் எண் என்று அட்டவணையில் எழுதி வைத்தேன். 2022 அக்டோபரில் ஜோர்டானும் சிரியாவும், கடிகாரத்தைப் பின்னால் திருப்புவதில்லை, கோடை நேரமே இனி நிரந்தரம் என்று முடிவெடுத்தன. என் அட்டவணையில் பழைய எண்ணே இருந்தது. அம்மான், டமாஸ்கஸ் வருகிற பக்கங்கள் எல்லாம் ஒரு மணி நேரம் பிசகிப் போயின. உங்கள் பக்கத்தை நம்பித்தான் வேலைக்கான நேர்காணல் அழைப்பைத் தவறவிட்டேன் என்று ஒருவர் எழுதினார். அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதற்கப்புறம், கணக்குப் போட்டு வருகிற எதையும் நான் சேமிப்பதில்லை. அட்டவணையில் 'ஏசியா/அம்மான்' என்ற மண்டலப் பெயர் மட்டும் இருக்கட்டும். வித்தியாசத்தைப் பக்கம் திறக்கும்போது கணக்கிடுங்கள். கூடவே ஒவ்வொரு வரிசைக்கும் மூன்று கட்டங்கள் ஒதுக்குங்கள்: எங்கிருந்து எடுத்தது, எந்தப் பதிப்பு, எந்தத் தேதி. பிழை என்று யாராவது எழுதினால், அதே மூலத்திலிருந்து வந்த மற்ற வரிசைகளையும் உடனே பிடித்துவிடலாம்.

கேள்வி: எனக்கு வேண்டிய பட்டியல் இன்னொரு தளத்தில் இருக்கிறது. ஸ்கிரேப் செய்து, அதாவது நிரல் வைத்துத் தானாக அள்ளி, எடுக்கலாமா? வெறும் தகவலுக்குக் காப்புரிமை கிடையாது என்கிறார்களே?

பதில்: அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-ல் ஒரு தொலைபேசி டைரக்டரி வழக்கில் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில், உழைத்துத் திரட்டிய தரவுத்தளத்துக்கே தனிப் பாதுகாப்பு தருகிற 1996-ம் ஆண்டு ஆணை இருக்கிறது. அதுபோக, அந்தத் தளத்தின் பயன்பாட்டு விதிகளையும் பார்க்க வேண்டும். எழுதிக் கேளுங்கள், சிலர் கொடுப்பார்கள். தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம் போன்ற திறந்த மூலத்திலும் உரிமத்தைப் படிக்காமல் இறங்காதீர்கள். அதை உங்கள் தரவோடு கலந்து புதிய தரவுத்தளமாக்கி வெளியில் பயன்படுத்தினால், அதையும் அதே உரிமத்தில் திறந்துவைக்க வேண்டிவரும்.

கேள்வி: 40,000 வரிசை. எல்லாம் எக்செலில்தான். தாங்குமா?

பதில்: இன்றைய எக்செல் 10,48,576 வரிசை தாங்கும். அளவை விட, கேட்காமலே அது மாற்றிவிடுகிற விஷயங்கள்தான் என் கவலை. முன்னால் பூஜ்யம் உள்ள குறியீடுகளில் பூஜ்யம் போய்விடும். 'மார்ச்1' என்ற மரபணுப் பெயர் தேதியாக மாறிவிடும். ஆய்வாளர்களுக்கு இது பெரிய தலைவலியாகி, 2020-ல் மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே இறங்கிவந்து அதை 'மார்ச்எஃப்1' என்று மாற்றியது. அதே ஆண்டு இங்கிலாந்தில் 65,536 வரிசைக்கு மேல் ஏற்காத பழைய எக்செல் கோப்பால் 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டன. பார்வையிட எக்செல் போதும். மூலப் பிரதி ஒரு டேட்டாபேஸில் இருக்கட்டும்.

அப்புறம், பெயரை அடையாளமாக வைக்காதீர்கள். சுவாசிலாந்து 2018-ல் எஸ்வாத்தினி ஆனது, ஆனால் நாடுகளுக்கான சர்வதேசத் தரக் குறியீடான ஐஎஸ்ஓவில் அதன் குறியீடு 'எஸ்இசட்' அப்படியே இருக்கிறது. குறியீட்டைப் பிடித்துக்கொண்டவர்கள் ஒரே ஒரு கட்டத்தைத் திருத்தினார்கள், வேலை முடிந்தது.

கேள்வி: 12,000 பக்கம் போட்டேன். கூகுள் சில நூறு பக்கங்களைத்தான் தன் தேடலில் சேர்த்திருக்கிறது. தளத்தின் பக்க முகவரிகளைத் தேடுபொறிக்குப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பு பெரிதாகிவிட்டதா? பத்துப் பக்கங்களை மாதிரிக்கு அனுப்பியிருக்கிறேன்.

பதில்: சைட்மேப் காரணமில்லை, ஒரு கோப்பில் 50,000 யூஆர்எல் வரை வைக்கலாம். பத்தையும் படித்தேன். ஏழு பக்கங்களில் பாதிக் கட்டங்கள் 'தகவல் இல்லை' என்கின்றன. ஊர்ப் பெயரைத் தவிர எதுவும் மாறவில்லை. படிப்பவருக்குப் பயனில்லாமல் மொத்தமாகப் பக்கம் பெருக்குவதை, இயந்திரம் செய்தாலும் கையால் செய்தாலும், 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் வெளிப்படையாகச் சேர்த்தது. அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள்.

எந்தெந்தக் கட்டங்கள் நிரம்பாவிட்டால் பக்கம் வெளியாகக் கூடாது என்று முதலில் முடிவு செய்து, அந்தச் சோதனையை நிரலிலேயே எழுதிவிடுங்கள். சைட்மேப்பில் பக்கம் கடைசியாக மாறிய நாளைச் சொல்லும் லாஸ்ட்மாட் தேதியை, டேட்டா உண்மையில் மாறிய நாளில் மட்டும் மாற்றுங்கள். அந்த ஏழு பக்கங்களையும் அவற்றைப் போன்ற மற்றவற்றையும் இன்றே இறக்கிவிடுங்கள். மீதி மூன்று பக்கங்கள் நன்றாக இருந்தன. அவற்றுக்கு மட்டும் டேட்டா எங்கிருந்து கிடைத்தது? அதை எழுதுங்கள், அடுத்த இதழில் அங்கிருந்து தொடங்குவோம்.