பழுப்பா, வெள்ளையா: ஒன்றாம் பின்னுக்கு எந்த ஒயர்?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கண்ட்ரோல் பெட்டியிலிருந்து 24 வோல்ட் பிரஷர் சென்சாருக்கு 3 மீட்டரில் 4 கோர் ஷீல்டு கேபிள் (உள்ளே நான்கு ஒயர், சுற்றிலும் உலோக வலை), மொத்தம் 25 செய்து தர வேண்டும். பெட்டிப் பக்கம் டிபி9 என்ற ஒன்பது பின் கனெக்டர் (ஆண்), சென்சார் பக்கம் எம்12 என்ற வட்டக் கனெக்டர் (பெண்). நோட்டில் வரைந்து கொடுத்தால் ஆளுக்கொரு விதமாகப் பற்ற வைக்கிறார்கள். படம் போட ஒயர்விஸ் என்ற இலவச மென்பொருள் போதுமா? எப்படித் தொடங்குவது?
– வாசகர், சேதராப்பட்டு

பதில்: தாராளமாகப் போதும். அதில் மவுஸால் எதையும் வரைய வேண்டியதில்லை. ஒரு டெக்ஸ்ட் கோப்பில் கனெக்டர்கள், கேபிள்கள், இணைப்புகள் என்று மூன்று பகுதி எழுதினால் படத்தையும் பாகங்களின் பட்டியலையும் அதுவே தந்துவிடும். பைத்தானும், படத்தை வரையும் கிராஃப்விஸ் என்ற மென்பொருளும் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். கிராஃப்விஸைத் தனியாக நிறுவ வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 'டாட்' (கிராஃப்விஸின் வரையும் நிரல்) கிடைக்கவில்லை என்ற பொருளில் பிழை வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். கோப்பில் உள்தள்ளலுக்கு டேப் சாவி ஆகாது, ஸ்பேஸ் மட்டுமே.

ஆனால் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் கேபிளை வாங்கிவிடுங்கள். மென்பொருளில் நிற முறை 'டின்' என்று கொடுத்தால் வெள்ளை, பழுப்பு, பச்சை, மஞ்சள் என்று வரிசையாக வரும். அது டின் 47100 என்ற ஜெர்மன் தரத்தின் வரிசை. 1998-லேயே திரும்பப் பெறப்பட்ட தரம்தான், சந்தை அதை விடவில்லை. சென்சாருக்கென்று ஆயத்தமாக வரும் எம்12 கேபிளில் கதை வேறு: 1 பழுப்பு, 2 வெள்ளை, 3 நீலம், 4 கறுப்பு. பழுப்பில் 24 வோல்ட், நீலத்தில் 0, கறுப்பில் சிக்னல், வெள்ளையில் இரண்டாவது சிக்னல். டின் வரிசையை நம்பிப் படம் போட்டால் ஒன்றாம் பின்னுக்கு வெள்ளை என்று தாளில் இருக்கும். பழகிய கை பழுப்பைத்தான் வைக்கும், புதிய கை தாளைப் பார்த்து வெள்ளையை வைக்கும். 25 கேபிளில் இரண்டு ஜாதி வந்துவிடும். எனவே நிற முறையை விட்டுவிட்டு, கையிலுள்ள கேபிளைப் பார்த்து நிறங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

அடுத்தது டிபி9-இன் பின் எண்கள். 'ஆளுக்கொரு விதமாக' என்றீர்களே, அதற்கு வேர் பெரும்பாலும் இங்கேதான். ஆண் கனெக்டரை, ஐந்து பின் வரிசை மேலே இருக்க, முகப்புப் பக்கம் பார்த்தால் 1 இடது ஓரம், 5 வலது ஓரம். பற்ற வைக்கும் பக்கம் திருப்பினால் 1 வலதுக்குப் போய்விடும். தாளில் எந்தப் பக்கம் என்று எழுதாவிட்டால் 1 இருக்கும் இடத்தில் 5, 2-இன் இடத்தில் 4, 6-இன் இடத்தில் 9 என்று கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறும். 24 வோல்ட்டை 1-லும் 0-வை 5-லும் வைத்தால், இந்த ஒரு தவறே சென்சாருக்கு மின்சாரத்தைத் தலைகீழாகக் கொடுக்கும்.

தப்பிக்க வழி உண்டு. 24 வோல்ட் 1, சிக்னல் 2, 0 வோல்ட் 3, இரண்டாவது சிக்னல் 6. மற்றவை காலி. பெட்டியின் சாக்கெட்டும் இதே எண்களில் இருக்கட்டும். யாராவது திருப்பிப் பற்ற வைத்தாலும் நடுவிலுள்ள 3 மட்டுமே இடம் மாறாது; மீதி மூன்றும் காலிப் பின்களுக்குப் போகும். சென்சார் வேலை செய்யாது, அவ்வளவுதான், எரியாது. இருந்தாலும் 'பற்ற வைக்கும் பக்கத்திலிருந்து பார்த்தது' என்று குறிப்பு வரியில் எழுதுங்கள். பிளாஸ்டிக்கில் பொடி எழுத்தில் எண் இருக்கும், லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இணைப்புப் பகுதியில் டிபி9-க்கு 1, 3, 2, 6; கேபிளுக்கு 1, 2, 3, 4; எம்12-க்கு 1, 3, 4, 2 என்று பட்டியலிடுங்கள். கேபிளின் நிறங்களை பழுப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை என்ற வரிசையில் கொடுத்திருக்க வேண்டும். மூன்று பட்டியலிலும் எண்ணிக்கை ஒன்றாக இல்லாவிட்டால் பிழை வரும். ஷீல்டைத் தனி வரியில் 'எஸ்' என்று குறித்து டிபி9-இன் உலோக உறைக்குக் கொடுங்கள். சென்சார் பக்கம் அதை இணைக்காமல் விடுங்கள். அங்கே ஷீல்டை வெட்டி, நுனி மறையும்படி 20 மில்லிமீட்டர் ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடாவிட்டால் ஒற்றை இழை நழுவி 24 வோல்ட் பின்னைத் தொடலாம்.

இந்த மென்பொருள் எழுதியதை அப்படியே வரையும். மின்சாரம் சரியா என்று பார்க்காது. முதல் கேபிளை மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பாருங்கள். நான்கு வழியும் முனைக்கு முனை தொடர வேண்டும், ஒன்றோடொன்றும் உறையோடும் தொடக் கூடாது. கனெக்டரின் கழுத்தை ஆட்டிக்கொண்டே பாருங்கள். அது தேறிய பிறகு மீதி 24.

கேள்வி: ஒயர்விஸ் தந்த பட்டியலில் 3 மீட்டர் என்று வந்தது. 25 கேபிளுக்கு 75 மீட்டர் வாங்கினோம், கடைசி ஒன்றுக்குப் போதவில்லை. மென்பொருள் தவறா?
– வாசகி, வில்லியனூர்

பதில்: மென்பொருள் மேல் தவறில்லை. நீங்கள் எழுதியது முடிந்த நீளம், வாங்க வேண்டியது வெட்டும் நீளம். பற்ற வைத்தது கோணலானால் நுனியை நறுக்கி மறுபடி செய்வீர்கள், அதற்கெல்லாம் கேபிள் வேண்டுமே! ஒன்றுக்கு 3.1 மீட்டர் வெட்டினால் 77.5 மீட்டர். 100 மீட்டர் சுருள் வாங்கினால் இன்னும் 7 செய்யலாம். எந்த முனையிலிருந்து எந்த முனைவரை 3 மீட்டர் என்பதையும், கூடுதலாக 50 மில்லிமீட்டர் வரை இருக்கலாம், குறையக் கூடாது என்பதையும் படத்தில் எழுதுங்கள்.

கேள்வி: 20 மீட்டர் தூரத்துக்கு 0.25 ஸ்கொயர் எம்எம் ஒயர் போதுமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: இந்தத் தடிமனில் செம்பு மீட்டருக்குச் சுமார் 0.07 ஓம். போக வர 40 மீட்டர், 2.8 ஓம். 200 மில்லி ஆம்பியர் ஓடினால் 0.56 வோல்ட் இழப்பு. 24 வோல்ட் சென்சாருக்குக் கவலையில்லை. 5 வோல்ட் கருவி என்றால் கைக்கு 4.44 தான் வரும், 0.75-க்குப் போங்கள்.

கேள்வி: துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் ஆலையில் ஆறே மாதத்தில் பின்கள் பச்சை பூத்துவிடுகின்றன. என்ன செய்வது?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: உப்புக் காற்று வெறும் செம்பைத் தின்கிறது, ஒயருக்குள்ளேயும் கறுத்துக்கொண்டே போகும். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரும், தங்க முலாம் பூசிய பின்னுள்ள ஐபி67 (தூசியும் தண்ணீரும் புகாத) கனெக்டரும் வாங்குங்கள். ஹீட் ஷ்ரிங்க் உட்புறம் பசையுள்ளதாக இருக்கட்டும். கேபிள் மேலிருந்து இறங்கி நேராகப் பெட்டிக்குள் நுழையக் கூடாது. நுழைவுக்கு ஒரு சாண் கீழே தொங்கி, வளைந்து ஏறி நுழைந்தால், கேபிளோடு வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.